எவ்வளவு நேரம் காத்திருந்தாய்? புரதப் பிணைப்பை அளக்கப் போகிறவர்களுக்கு

ஓகஸ்ட் விடுமுறைக்குத் திருகோணமலை உவர்மலை வீட்டுக்கு வந்த மருமகள் கைப்பேசியில் ஒரு வரைபைக் காட்டினாள். இறுதியாண்டு ஆய்வுக்காக, இரண்டு புரதங்கள் ஒன்றையொன்று எவ்வளவு இறுக்கமாகப் பிடிக்கின்றன என்று அளந்திருக்கிறாள். பதினான்கு புள்ளிகள், அவற்றின் நடுவே வழுக்கிக்கொண்டு போகும் வளைகோடு, கீழே "பிரிகை மாறிலி 26 நானோமோலார்" என்று ஒரு வரி. பார்க்க அழகாக இருந்தது. நான் இரண்டு கேள்விகள் மட்டும் கேட்டேன்.

"கலந்த பிறகு எவ்வளவு நேரம் காத்திருந்தாய்? சாயமேற்றிய புரதத்தை எந்தச் செறிவில் வைத்தாய்?"

"பதினைந்து நிமிடம், மாமி. செறிவு 50 நானோமோலார்."

இரண்டாவது பதிலைக் கேட்டதும் அந்த 26 என் மனதில் உடைந்துவிட்டது. அவளுக்கு அன்றிரவு உட்கார்ந்து விளக்கியதைத்தான் இங்கே எழுதுகிறேன். பல்கலைக்கழகத்தில் முதன்முறையாகப் பிணைப்பு அளக்கப் போகும் எல்லோருக்கும் இது உதவும். கருவியை இயக்கும் பொத்தான்களை ஆய்வுகூடத்தில் யாராவது காட்டித் தருவார்கள். இந்த இரண்டு கேள்விகளையும் பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை.

இதில் எனக்கு ஏன் இவ்வளவு அக்கறை என்பதையும் சொல்லிவிடுகிறேன். நான் சிறுமியாக இருந்தபோது தம்பலகாமத்தில் பெரும்போக அறுவடைக் காலத்தில் பெரியப்பாவைக் கண்ணாடி விரியன் கடித்தது. மருத்துவமனையில் ஒரு தாதி அவருடைய இரத்தத்தில் 2 மில்லிலீற்றரை உலர்ந்த கண்ணாடிக் குழாயில் எடுத்து, மேசையில் வைத்துவிட்டு, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். 20 நிமிடம் அந்தக் குழாயை யாரும் தொடவில்லை. பிறகு சரித்துப் பார்த்தார். இரத்தம் உறையாமல் தண்ணீராக ஓடியது. உடனே விஷமுறிவு மருந்து ஏற்றினார்கள், பெரியப்பா பிழைத்தார். அந்த மருந்தில் இருப்பவை, நான்கு இனப் பாம்புகளின் நஞ்சைக் குதிரைகளுக்குச் சிறிது சிறிதாக ஏற்றி, அவற்றின் இரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த பிறபொருளெதிரிகள். அவை உடலுக்குள் செய்யும் முதல் வேலை நஞ்சுப் புரதத்தைப் பிடித்துக்கொள்வது. நம் இலங்கைக்கு அந்த மருந்து இந்தியாவிலிருந்து வருகிறது, இந்தியப் பாம்புகளின் நஞ்சைக் கொண்டு செய்யப்படுகிறது. அப்படியானால் நம் வயல்களில் இருக்கும் விரியனின் நஞ்சை அது எவ்வளவு இறுக்கமாகப் பிடிக்கிறது? அந்தக் கேள்விதான் என்னை உயிர் இரசாயனத்துக்குள் இழுத்துக்கொண்டு போனது. பிணைப்பின் எண் தவறானால் அதன்மேல் கட்டுவதெல்லாம் தவறாகும்.

எண்ணின் பொருள்

பிரிகை மாறிலி என்பது ஒரு செறிவு. (நானோமோலார் என்றால் ஒரு லீற்றரில் ஒரு மோலின் நூறு கோடியில் ஒரு பங்கு.) ஒரு புரதத்தை மிகக் குறைந்த அளவில் நிலையாக வைத்து, மற்றதைக் கூட்டிக்கொண்டே போனால், முதலாவதின் சரிபாதி கட்டுண்டிருக்கும் இடத்தில் மற்றது எந்தச் செறிவில் கட்டற்று நிற்கிறதோ, அதுதான் பிரிகை மாறிலி. எண் சிறிதானால் பிடி இறுக்கம். கட்டுண்ட பங்கைக் கணக்கிடச் செறிவை, செறிவும் மாறிலியும் சேர்ந்த தொகையால் வகுக்க வேண்டும். மாறிலியின் பத்தில் ஒரு பங்கு செறிவில் 9 சதவீதம் கட்டுண்டிருக்கும், சம செறிவில் 50, பத்து மடங்கில் 91, நூறு மடங்கில் 99. பத்து சதவீதத்திலிருந்து தொண்ணூறுக்குப் போகவே செறிவு 81 மடங்கு ஏற வேண்டும் என்பதை மனதில் வையுங்கள். ஐந்தாறு மடங்குக்குள் புள்ளிகளை நெருக்கி வைத்துவிட்டு வளைகோட்டைப் பொருத்தினால் கணினி ஏதோ ஓர் எண்ணைக் கொடுக்கத்தான் செய்யும். அந்த எண்ணுக்கு அடித்தளம் இல்லை.

எந்த முறை?

இரண்டு புரதங்கள் சேருகின்றனவா இல்லையா என்று மட்டும் அறிய, ஒன்றைச் சிறு பிசின் மணிகளில் பிடித்து மற்றதை அதனோடு இழுத்தெடுக்கும் முறை போதும். 1989இல் வெளியான, ஈஸ்ட் கலங்களுக்குள்ளேயே சேர்க்கையைச் சோதிக்கும் இரு-கலப்பு முறையும் அந்த வகைதான். இவை ஆம் அல்லது இல்லை சொல்லும், எவ்வளவு என்று சொல்லா. மணிகளைக் கழுவும் நிமிடங்களுக்குள் பலவீனமான பிடிகள் விட்டுப்போய்விடும் என்பதால், இல்லை என்ற பதிலையும் முழுதாக நம்ப வேண்டாம்.

அளவு வேண்டுமானால் வழிகள் பல. வெப்பத்தை அளக்கும் கலோரிமானிக்குச் சாயம் எதுவும் தேவையில்லை, எத்தனைக்கு எத்தனை சேருகிறது என்பதையும் சேர்த்துச் சொல்லும். ஆனால் புரதத்தை அள்ளி விழுங்கும். நானோமோலார் அளவு இறுக்கமான சோடிகளுக்கு அது நேரடியாக ஒத்துவருவதும் இல்லை. ஒரு புரதத்தைத் தங்கப் படலத்தின்மேல் நிறுத்தி மற்றதை ஓடவிடும் மேற்பரப்புப் பிளாஸ்மன் முறை, சேரும் வேகத்தையும் பிரியும் வேகத்தையும் தனித்தனியே தரும். படலத்தில் புரதத்தை நெருக்கி நட்டால், பிரிந்தது ஓடிப்போகாமல் அடுத்ததிலேயே மீண்டும் ஒட்டி உங்களை ஏமாற்றும். ஆகவே குறைவாக நடுங்கள்.

மருமகளிடம் இருந்தது ஒளிர்வு முனைவாக்கம். இதன் அடிப்படையைப் பிரெஞ்சு இயற்பியலாளர் பெரென் 1926இலேயே எழுதிவைத்துவிட்டார். சிறிய மூலக்கூறு கரைசலில் வேகமாகச் சுழலும், அதனால் ஒரு தளத்தில் விழுந்த ஒளி பல தளங்களில் சிதறித் திரும்பும். பெரிய புரதம் அதைப் பிடித்துக்கொண்டால் சுழற்சி மந்தமாகும், திரும்பும் ஒளி தன் தளத்தைப் பெரும்பாலும் காத்துக்கொள்ளும். ஆகவே சோடியில் சிறியதற்குச் சாயம் ஏற்றுங்கள். எதையும் பிரிக்க வேண்டாம், கழுவ வேண்டாம், சமநிலையைக் குலைக்காமல் அப்படியே படிக்கலாம் என்பதால் தொடங்குகிறவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன்.

புரதத்தின் செறிவு

280 நானோமீற்றர் புறஊதா ஒளியின் உறிஞ்சலை அளந்து செறிவைக் கணக்கிடுங்கள். புரதத்தில் உள்ள அமினோ அமிலங்களில் ஒவ்வொரு திரிப்டோபனுக்கும் 5500, ஒவ்வொரு டைரோசினுக்கும் 1490 என்று கூட்டிக்கொண்டால் மோலார் உறிஞ்சல் குணகம் கிடைக்கும். மருமகளின் புரதத்தில் இரண்டு திரிப்டோபனும் ஆறு டைரோசினும் இருந்தன, மொத்தம் 19,940. உறிஞ்சல் 0.40 என்றால், அதை இந்தத் தொகையால் வகுக்க, செறிவு 20 மைக்ரோமோலார். அதே மாதிரியை 260இலும் படியுங்கள். தூய புரதத்தில் 260க்கும் 280க்கும் உள்ள விகிதம் 0.6ஐ ஒட்டி இருக்கும். அது 1ஐ நெருங்கினால் கருவமிலம் (டிஎன்ஏ, ஆர்என்ஏ) கலந்திருக்கிறது, நீங்கள் கணக்கிட்ட செறிவு பொய். அளப்பதற்கு முன் குளிர்ந்த மையநீக்கியில் பத்து நிமிடம் வேகமாகச் சுழற்றி, திரண்டுபோன புரதத்தை அடியில் விட்டுவிடுங்கள்.

தாங்கற் கரைசல் எளிமையாக இருக்கட்டும்: 20 மில்லிமோலார் ஹெப்பெஸ், பிஎச் 7.5, 150 மில்லிமோலார் சோடியம் குளோரைட்டு, 0.01 சதவீதம் ட்வீன்-20 (மென்மையான சவர்க்காரம்), மில்லிலீற்றருக்கு 0.1 மில்லிகிராம் மாட்டு அல்புமின். கடைசி இரண்டையும் விட்டுவிடாதீர்கள். ஒரு நானோமோலார் அளவில் இருக்கும் புரதம் பிளாஸ்டிக் சுவரில் ஒட்டிக் காணாமல் போகும். அல்புமின் முதலில் போய்ச் சுவரை நிரப்பிவிடும். உப்பின் அளவை மாற்றினால் மின்னேற்றத்தால் சேரும் சோடிகளின் பிடி மாறும், ஆகவே முதல் நாள் முடிவு செய்ததை இறுதிவரை மாற்ற வேண்டாம்.

பாதி பாதியாக ஐதாக்கல்

எல்லோரும் அவசரமாகக் கடந்துபோகும் இடம் இது. என் அனுபவத்தில் சோதனை நன்றாக வருவதும் கெடுவதும் இங்கேதான்.

பதினான்கு சிறு குழாய்களை வரிசையாக வையுங்கள். இரண்டாவதிலிருந்து ஒவ்வொன்றிலும் 60 மைக்ரோலீற்றர் தாங்கற் கரைசல். முதலாவதில் 120 மைக்ரோலீற்றர் சாயமில்லாத பெரிய புரதம், 200 நானோமோலார். முதலாவதிலிருந்து 60 எடுத்து இரண்டாவதில் விடுங்கள். நுரை எழாமல் பத்து முறை மெல்ல உறிஞ்சி விட்டுக் கலக்குங்கள். பிப்பெட்டின் நுனியை மாற்றுங்கள். அங்கிருந்து 60 மூன்றாவதுக்கு. ஒவ்வொரு படியிலும் புதிய நுனி. பழைய நுனியின் வெளிச்சுவரில் ஒட்டிவரும் துளி, பத்துப் படி கடந்த பிறகு அடுத்த குழாயில் இருக்கவேண்டிய மொத்தப் புரதத்தையும் விட அதிகமாக இருக்கலாம். பதினான்காவதிலிருந்து 60ஐ எடுத்து ஊற்றிவிடுங்கள், அப்போதுதான் எல்லாக் குழாய்களிலும் ஒரே கனவளவு. பதினைந்தாவதாக, புரதமே இல்லாத குழாய் ஒன்று.

பிறகு 384 குழிகள் கொண்ட கறுப்புத் தட்டில், ஒவ்வொரு குழியிலும் இந்தக் கரைசலில் 10 மைக்ரோலீற்றரும் சாயமேற்றிய புரதத்தில் 10 மைக்ரோலீற்றரும் விடுங்கள். கலக்கும்போது இரண்டும் பாதியாகின்றன. குறிப்பேட்டில் எழுதவேண்டியது கலந்த பிறகு உள்ள செறிவு. 200 அல்ல, 100 நானோமோலார் உங்கள் முதற்புள்ளி, கடைசிப் புள்ளி 0.012. இந்தப் பாதியை மறந்து இரு மடங்கு பிழையோடு எழுதப்பட்ட அறிக்கைகளை நான் என் கையால் திருத்தியிருக்கிறேன்.

கைப்பழக்கம் வரும்வரை புரதத்தைத் தொடாதீர்கள். மருமகளுக்கு நான் பொற்றாசியம் பரமங்கனேற்றை, நம் வீடுகளில் கொண்டிஸ் என்று சொல்லும் அதே ஊதா உப்பை, காய்ச்சி வடித்த நீரில் 0.4 மில்லிமோலாராகக் கரைத்துக் கொடுத்தேன். சாப்பாட்டு மேசையில் வெள்ளைத் தாளை விரித்து, ஒரே தொடரை இரண்டு முறை செய்யச் சொன்னேன். இரண்டு வரிசைகளையும் அருகருகே வைத்தால் நிறம் குழாய்க்குக் குழாய் ஒத்துப்போக வேண்டும். முதல் நாள் அவளுடைய ஐந்தாவது குழாய் மற்ற வரிசையின் நான்காவதைப்போல இருந்தது. கலக்காமலே அடுத்ததுக்குப் போயிருக்கிறாள். மூன்றாம் நாள் மாலை இரண்டு வரிசைகளும் இரட்டைப் பிள்ளைகள்போல நின்றன. ஆய்வுகூடத்தில் இருப்பவர்கள் இதையே 525 நானோமீற்றரில் படித்துப் பார்க்கலாம். 0.4 மில்லிமோலாரில் உறிஞ்சல் ஏறத்தாழ 1 வரும், பிறகு ஒவ்வொரு குழாயிலும் பாதி பாதியாகக் குறைந்துகொண்டு போக வேண்டும்.

நேரம்

இப்போது முதல் கேள்வி. கலந்தவுடன் புரதங்கள் சேரத் தொடங்கும். சேர்ந்தவை பிரியவும் தொடங்கும். சேர்வதும் பிரிவதும் சமமாகும்வரை நீங்கள் படிக்கும் எண், பாதி வழியில் எடுத்த படம். செறிவு கூடிய குழிகள் சீக்கிரம் சமநிலைக்கு வந்துவிடும். மெதுவானது செறிவு குறைந்த குழி. அங்கே சமநிலை வரும் வேகத்தைப் பிரியும் வேகமே தீர்மானிக்கிறது. இறுக்கமான சோடி மெதுவாகத்தான் பிரியும், ஆகவே இறுக்கம் கூடக் கூடக் காத்திருப்பும் நீள வேண்டும்.

சேரும் வேகம் நொடிக்கு மோலாருக்கு பத்து லட்சம் என்று வைத்துக்கொள்வோம், பல புரதச் சோடிகளுக்கு இது நடுத்தரமான கணக்கு. பிரிகை மாறிலி ஒரு மைக்ரோமோலார் என்றால் பாதி பிரிய ஒரு நொடிகூட ஆகாது. ஒரு நானோமோலார் என்றால் ஏறத்தாழ 12 நிமிடம். அதிலும் ஆயிரத்தில் ஒரு பங்கான ஒரு பிக்கோமோலார் என்றால் எட்டு நாள். சமநிலைக்கு 97 சதவீதம் நெருங்க இந்த அரைவாழ்வைப்போல ஐந்து மடங்கு காத்திருக்க வேண்டும். நானோமோலார் சோடிக்கு ஒரு மணி நேரம், பிக்கோமோலார் சோடிக்கு நாற்பது நாள். நாற்பது நாள் எந்தப் புரதமும் தட்டில் உயிரோடு இருக்காது. அதனால்தான் ஒரு பக்டீரியா தன் சொந்த நொதியிடமிருந்து தன்னைக் காத்துக்கொள்ள வைத்திருக்கும் பார்நேஸ்–பார்ஸ்டார் போன்ற மிக இறுக்கமான சோடிகளை, சேரும் வேகத்தையும் பிரியும் வேகத்தையும் தனித்தனியே அளந்து, ஒன்றை மற்றதால் வகுத்து எண்ணுக்கு வருகிறார்கள்.

இதை நான் கற்றுக்கொண்டது என் சொந்தத் தவறால். ஆய்வுப் பட்டத்துக்குப் படித்தபோது, கதிரியக்க அயடீன்-125 ஏற்றிய நச்சுப் புரதத்தை 0.05 நானோமோலாரில் வைத்து, ஒரு பிறபொருளெதிரியின் பிடியை அளந்தேன். எல்லோரும் செய்வதுபோல 30 நிமிடம் காத்திருந்தேன். பிரிகை மாறிலி 4 நானோமோலார் என்று வந்தது. மூன்று முறை செய்தேன், மூன்று முறையும் 4. அதைத் துறைக் கருத்தரங்கில் நிமிர்ந்து நின்று சொன்னேன். பிறகு ஒரு நாள் கதிரியக்கத்தை எண்ணும் கருவி பழுதாகி, கலந்துவைத்த குழாய்கள் மறுநாள்வரை கிடந்தன. எறிய மனமில்லாமல் அவற்றையும் எண்ணினேன். 0.4 வந்தது. பத்து மடங்கு வேறுபாடு. அந்தச் சோடியின் அரைவாழ்வு ஏறத்தாழ ஐந்து மணி நேரம் என்று பிறகு கண்டுபிடித்தேன், ஒரு முழு நாள் காத்திருந்திருக்க வேண்டும். ஒரே தவறை மூன்று முறை செய்தால் ஒரே எண் மூன்று முறை வரும் என்பதை அன்றுதான் உணர்ந்தேன். 25 பாகையில் பத்து மடங்கு என்பது பிணைப்பு ஆற்றலில் மோலுக்கு 5.7 கிலோயூல். ஓர் ஐதரசன் பிணைப்பின் மதிப்பையே நான் தவறவிட்டிருந்தேன்.

ஆகவே செய்யவேண்டியது இது. தட்டைக் கலந்தவுடன் ஒரு முறை படியுங்கள். பிறகு 15 நிமிடம், 30, ஒரு மணி, இரண்டு மணி, நான்கு மணி என்று அதே தட்டையே மீண்டும் மீண்டும் படியுங்கள். முனைவாக்க முறையில் இதற்கு ஒரு செலவும் இல்லை. வளைகோடு இடப்பக்கம் நகர்ந்துகொண்டே இருந்தால் இன்னும் சமநிலை வரவில்லை. நேரத்தை இரட்டித்த பிறகும் அசையாமல் நிற்கும் கோட்டைத்தான் பொருத்த வேண்டும். இடையில் தட்டை ஒளி ஊடுருவும் ஒட்டுத்தாளால் மூடிவையுங்கள், ஓரத்துக் குழிகளில் வெறும் நீரை நிரப்புங்கள். 20 மைக்ரோலீற்றர் நம் ஊர் வெக்கையில் உலர அதிக நேரம் எடுக்காது, உலர்ந்தால் செறிவு ஏறும்.

அரைவாழ்வை நேரடியாகவும் அளக்கலாம். இரண்டையும் நன்றாகக் கட்டுண்ணும் செறிவில் கலந்து காத்திருங்கள். பிறகு சாயமில்லாத அதே சிறு புரதத்தை நூறு மடங்குக்கு மேல் ஒரேயடியாகச் சேருங்கள். பிரிந்துபோகும் ஒவ்வொரு சாயப் புரதத்தின் இடத்தையும் சாயமில்லாதது பிடித்துவிடும். முனைவாக்கம் இறங்கும். பாதி இறங்க எடுத்த நேரம்தான் அரைவாழ்வு. மருமகள் பல்கலைக்கழகம் திரும்பியதும் முதலில் செய்தது இதைத்தான். அவளுடைய சோடிக்கு 12 நிமிடம் வந்தது.

26இல் 25 எங்கிருந்து வந்தது

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். சரிபாதி கட்டுண்ட இடத்தில் கட்டற்று நிற்கும் செறிவுதான் பிரிகை மாறிலி என்று சொன்னேன். ஆனால் நாம் வரைபின் கீழ் அச்சில் இடுவது கட்டற்ற செறிவை அல்ல, குழாயில் ஊற்றிய மொத்தச் செறிவை. சாயமேற்றிய புரதம் மிகக் குறைவாக இருந்தால் இரண்டும் ஒன்றுதான், அதிகமாக இருந்தால் அல்ல. சாயமேற்றியது 50 நானோமோலார் இருக்கும்போது அதில் பாதி கட்டுண்ண 25 நானோமோலார் மற்றப் புரதம் கட்டுக்குள் போயாக வேண்டும். அதற்கு மேல் கட்டற்று நிற்கவேண்டியது எவ்வளவோ, அதுதான் பிரிகை மாறிலி. பாதி கட்டுண்ட இடத்தில் உள்ள மொத்தச் செறிவு, அதாவது வரைபின் நடுப்புள்ளி, எப்போதும் பிரிகை மாறிலியும், சாயமேற்றியதின் பாதியும் சேர்ந்த தொகை.

மருமகளிடம் தாளைக் கொடுத்து, "26இலிருந்து 25ஐக் கழி" என்றேன். கழித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தாள். மிஞ்சியது 1. அந்த ஒன்றையும் நம்ப முடியாது, ஏனென்றால் செறிவில் நான்கு சதவீதப் பிழை இருந்தாலே அது இல்லாமல் போய்விடும். அவள் அளந்திருந்தது பெரும்பாலும் தான் ஊற்றியதின் பாதியைத்தான்.

பிறகு தயங்கித் தயங்கி இன்னொரு வரைபைத் திறந்தாள். பிணையும் முகத்தில் ஓர் அமினோ அமிலத்தை மாற்றிய புரதம். நடுப்புள்ளி 30. "26க்கும் 30க்கும் பெரிய வேறுபாடு இல்லை, அந்த அமினோ அமிலத்துக்குப் பங்கில்லை என்று எழுதிவிட்டேன், மாமி." இரண்டிலிருந்தும் 25ஐக் கழித்தால் ஒன்று 1, மற்றது 5. பிடி ஐந்து மடங்கு தளர்ந்திருக்கக்கூடும், மோலுக்கு 4 கிலோயூல். அவளுடைய ஆய்வின் மிக நல்ல கண்டுபிடிப்பு "பங்கில்லை" என்ற சொல்லுக்கு அடியில் கிடந்திருக்கிறது. அன்றிரவு அவள் சரியாகச் சாப்பிடவில்லை. எனக்கும் மனம் கனத்தது, ஆனால் சமர்ப்பிக்க இன்னும் இரண்டு மாதம் இருந்தது.

திருத்தும் வழி எளிது. சாயமேற்றியதைப் பிரிகை மாறிலியை விடக் கீழே, முடிந்தால் பத்தில் ஒரு பங்கில் வையுங்கள். கருவியால் அவ்வளவு மங்கலான ஒளியைப் படிக்க முடியவில்லை என்றால், படிக்க முடிகிற மிகக் குறைந்த செறிவுக்கு இறங்கி, கட்டுண்டு குறையும் பங்கையும் கணக்கில் எடுக்கும் இருபடிச் சமன்பாட்டால் பொருத்துங்கள். எளிய வளைகோட்டை அங்கே பயன்படுத்தாதீர்கள். உறுதிப்படுத்த ஒரு சோதனை: சாயமேற்றியதை இரண்டு வேறு செறிவுகளில் வைத்து முழுத் தொடரையும் செய்யுங்கள். நடுப்புள்ளி கூடவே நகர்ந்தால் நீங்கள் சிக்கலில் இருக்கிறீர்கள். நகராவிட்டால் அது உண்மையான பிரிகை மாறிலி.

இதே சிக்கலை வேலைக்காரனாகவும் ஆக்கலாம், பிணைப்பு அளப்பதில் எனக்கு மிகவும் பிடித்த உத்தி இது. 280 நானோமீற்றர் உறிஞ்சல், மடிப்புக் குலைந்து செத்துப்போன புரதத்தையும் உயிருள்ளதோடு சேர்த்து எண்ணிவிடும். எவ்வளவு உயிரோடு இருக்கிறது என்று எப்படி அறிவது? வேண்டுமென்றே சிறு புரதத்தை மாறிலியைப்போல ஐம்பது, நூறு மடங்கு செறிவில் வையுங்கள். அதில் சாயமேற்றியது கொஞ்சம், மீதி சாயமில்லாதது. இப்போது சேர்க்கும் மற்றப் புரதம் ஒவ்வொன்றும் உடனே கட்டுண்டுவிடும். கோடு நேராக ஏறி, எல்லாம் நிரம்பியதும் சட்டென்று மடங்கிக் கிடையாகும். ஒன்றுக்கு ஒன்று சேரும் சோடி என்றால், மற்றப் புரதத்துக்கும் சிறு புரதத்துக்கும் உள்ள விகிதம் 1.0 ஆகும்போது கோடு மடங்க வேண்டும். மருமகளுக்கு 1.6இல் வந்தது. அவளுடைய மற்றப் புரதத்தில் ஏறத்தாழ 62 சதவீதம் மட்டுமே பிணையக்கூடியது. அதன்பிறகு அந்தப் புரதத்தின் எல்லாச் செறிவுகளையும் 0.62ஆல் பெருக்கினாள். சிறு புரதத்தின் செறிவு சரியாகத் தெரிந்திருந்தால்தான் இந்தக் கணக்கு நிற்கும் என்பதால், அதை இரண்டு வழிகளில் அளந்துகொண்டாள்.

வெப்பநிலையும் சாயமும்

கன்னியா வெந்நீர்க் கிணறுகளுக்குப் போனவர்களுக்குத் தெரியும், ஒரே வளாகத்தில் ஏழு கிணறுகள், கை வைத்தால் ஏழும் ஏழு சூடு. புரதச் சோடியும் 4 பாகையில் ஒரு மாறிலியையும் 37 பாகையில் இன்னொன்றையும் காட்டும். குளிரில் பிரியும் வேகமும் குறைவதால் காத்திருப்பு நீளும். வெப்பநிலை குறிக்காத பிரிகை மாறிலி, எந்தக் கிணற்றுத் தண்ணீர் என்று சொல்லாமல் சூட்டை மட்டும் சொல்வதுபோல. கருவியின் உள்ளறையை 25 பாகையில் நிறுத்தி, தட்டையும் அங்கேயே வைத்திருங்கள். மின்சாரம் போய் அறையின் குளிர்சாதனம் நின்றால் அன்றைய தட்டை மீண்டும் செய்யுங்கள்.

சாயமே பிடியை மாற்றுகிறதா என்றும் பார்க்க வேண்டும். சாயமில்லாத புரதத்தைப் போட்டியாகச் சேர்த்து, அது சாயமேற்றியதை எந்தச் செறிவில் வெளியேற்றுகிறது என்பதிலிருந்து அதன் மாறிலியைக் கணக்கிடுங்கள். இரண்டும் நெருங்கி வந்தால் நிம்மதி. மொத்த ஒளிர்வு தொடர் நெடுகிலும் மாறாமல் இருக்கிறதா என்றும் கவனியுங்கள். கட்டுண்டதும் ஒளி மங்கும் சாயங்கள் உண்டு, அப்போது முனைவாக்கத்தை அப்படியே பொருத்தக்கூடாது, திருத்தம் தேவை. தொடர்பில்லாத ஒரு புரதத்தை அதே செறிவுகளில் வைத்து, கோடு கிடையாகவே இருப்பதையும் காட்டுங்கள்.

பொருத்தும்போது தரவை நேர்கோடாக மாற்றும் பழைய வழிக்குப் போக வேண்டாம். 1949இல் ஸ்காட்சார்ட் அதைத் தந்தபோது கையில் வரைதாளும் அடிமட்டமும்தான் இருந்தன. நேர்கோடாக மாற்றும்போது பிழைகளும் உருமாறிவிடும். வளைகோட்டை வளைகோடாகவே பொருத்துங்கள். மேலே கிடையாகும் பகுதியில் குறைந்தது மூன்று புள்ளிகளாவது இருக்கட்டும். மூன்று தடவை என்பது ஒரே ஐதாக்கலிலிருந்து எடுத்த மூன்று குழிகளைக் குறிக்காது. தொடரை மூன்று முறை புதிதாகச் செய்ய வேண்டும், அவற்றில் ஒன்றாவது வேறு நாளில் தூய்மைப்படுத்திய புரதத்தில்.

அறிக்கையில் எண்ணுக்குப் பக்கத்திலேயே காத்திருந்த நேரம், சாயமேற்றியதின் செறிவு, வெப்பநிலை, உப்பு, உயிருள்ள பங்கு, எத்தனை தனித்தொடர்கள் என்பவற்றை எழுதுங்கள். ஒரு வரிதான் கூடும்.

மருமகள் சாயமேற்றியதை 2 நானோமோலாருக்கு இறக்கி, ஒரு மணி நேரம் காத்திருந்து, தொடரை மீண்டும் செய்தாள். கருவி அதற்குக் கீழே படிக்கவில்லை. மாற்றமில்லாத புரதத்தின் நடுப்புள்ளி 2.1, மாற்றியதின் நடுப்புள்ளி 6.3. இருபடிச் சமன்பாடு முதலாவதுக்கு 1.1, இரண்டாவதுக்கு 5.3 நானோமோலார் என்று தந்தது. இரண்டு மணி நேரத்திலும் கோடுகள் அசையவில்லை என்று நேற்று இரவு எழுதியிருந்தாள். மூன்றாவது தொடருக்கான புரதத்தை இந்த வாரம் புதிதாகத் தூய்மைப்படுத்துகிறாள்.